கூலி எழுதாத கணக்கு

துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே ஓயாத சர்ச்சை ஒன்று உண்டு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்துவந்து, அதில் புதிதாக மருந்தும் குண்டும் இட்டு, வீட்டிலேயே மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்வது கட்டுப்படியாகுமா, கடையில் வாங்கிச் சுடுவதுதான் லாபமா என்பது. நம் பக்கத்தில் இப்படி ஒரு சர்ச்சை எழ வாய்ப்பே இல்லை. அமெரிக்காவில், மத்திய சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள லைசென்ஸ் வேண்டாம். செய்து விற்பதற்குத்தான் வேண்டும். ஆகவே கேள்வி சட்டத்தைத் தாண்டி நேராகக் காசுக்கு வந்துவிடுகிறது. துப்பாக்கியைக் கையால் தொட்டிராத நான், 2019ல், இந்தச் சர்ச்சையில் ஒரு தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. தீர்ப்பு தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அதை எழுதின விதம்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னை விடவில்லை.

அப்போது நான் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க் நகரத்தை ஒட்டி இருந்தேன். பிறருடைய கணக்கை எழுதிப் பிழைக்கிறவன் நான். அடுத்த வீட்டுக் கிழவர் உருக்காலைத் தொழிலாளியாக இருந்தவர். மனோங்காஹேலா ஆற்றங்கரையில் ஹோம்ஸ்டெட் ஆலை 1986ல் மூடப்பட்டபோது வேலை போனவர்களில் ஒருவர். மனைவி காலமாகிவிட்டார். வருஷம் தவறாமல் மான் வேட்டைக்குப் போவார். அந்த மாநிலத்தில் மான் வேட்டை தொடங்கும் நாள் ஏறக்குறைய பண்டிகை மாதிரி. பல பள்ளிக்கூடங்களுக்கு அன்று விடுமுறை. நன்றியறிதல் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்குவது வழக்கம். 2019ல்தான் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். இந்த மாற்றத்தை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அக்டோபர் மாதம் அவருடைய மகள் வேறு ஊரிலிருந்து வந்திருந்தாள். என்னைத் தனியே கூப்பிட்டு, அப்பா நிலவறையில் உட்கார்ந்து தோட்டா செய்வதை நிறுத்த வேண்டும், அவர் யார் சொல்லியும் கேட்கமாட்டார், ஆனால் காசு நஷ்டம் என்று தெரிந்தால் கேட்பார், நீங்கள் கணக்குத் தெரிந்தவர், பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். கிழவரும் மறுக்கவில்லை. அவருக்கு அவருடைய கணக்கின்மேல் நம்பிக்கை இருந்தது. கீழே அழைத்துப்போனார்.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்தாம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்துகிற பிரைமர் என்ற சின்னக் கிண்ணம், உள்ளே மருந்து, வாயில் செருகின குண்டு. சுடும்போது பிரைமர் எரிந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, குண்டு போய்விடுகிறது. கூடு மட்டும் துப்பாக்கிக்காரன் காலடியில் விழுகிறது. நான்கில் விலை கூடினது பெரும்பாலும் அதுதான். பல தடவை உபயோகிக்கலாம். இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் மொத்தச் சிக்கனமும் நிற்கிறது. 1870களில் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடினவர்கள் கூடாரத்திலேயே ஈயம் காய்ச்சிக் குண்டு வார்த்து, பழைய கூடுகளை மீண்டும் நிரப்பிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கடை தொலைவு, தோட்டா விலை அதிகம், நாளுக்குச் சுட வேண்டிய எருமைகளும் அதிகம். அவர்கள் கணக்கில் சந்தேகத்துக்கே இடமில்லை; எருமைதான் மிஞ்சவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. பிரைமரில் இரண்டு வகை. ஒன்று பெர்டன் என்ற அமெரிக்கர் வகுத்தது. இன்னொன்று பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் வகுத்தது. இரண்டும் 1860களில், ஏறக்குறைய ஒரே சமயத்தில். ஐரோப்பா பெரும்பாலும் அமெரிக்கருடையதை எடுத்துக்கொண்டது, அமெரிக்கா ஆங்கிலேயருடையதை எடுத்துக்கொண்டது. பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நட்டநடுவே ஒரே துளை. உள்ளிருந்து ஒரு கம்பியால் தள்ளினால் எரிந்துபோன பிரைமர் விழுந்துவிடும். பெர்டன் வகையில் இரண்டு பொடித் துளைகள் ஓரமாக. கம்பி நுழையாது, எடுப்பது சள்ளை. அமெரிக்க வீடுகளின் நிலவறைகளில் தோட்டா செய்கிற பழக்கம் இவ்வளவு பரவினதற்குச் சுதந்திரத் தாகம் முதலான பெரிய காரணங்களைச் சொல்வார்கள். துளை நடுவில் இருக்கிறது என்பது அவற்றுக்குச் சற்றும் குறைந்த காரணமல்ல என்று எனக்குப் படுகிறது.

நிலவறையில் கனத்த மேஜை ஒன்றில் போல்ட் போட்டு முறுக்கின இரும்புப் பொறி. பிரஸ் என்றார். கைப்பிடியை இறக்கினால் கூடு மேலே போய், திருகி வைத்த டைக்குள் நுழைந்து, வெடித்தபோது உப்பின உடம்பு பழைய அளவுக்கு ஒடுங்கிவரும். ஒரு இழுப்புக்கு ஒரு கூடு. பிறகு டையை மாற்றி அடுத்த வேலை. அந்த ஓசையைக் கேட்டதும் எனக்கு டிரெடில்தான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்குமுன் கோயம்புத்தூரில் ஒரு நண்பர் பத்திரிகை நடத்தினார். முந்நூறு பிரதி. மாலை நேரங்களில் அச்சகத்தில் உட்கார்ந்து நாங்களே புரூப் பார்த்து, நாங்களே மடித்து, நாங்களே தபால்தலை ஒட்டுவோம். அவரிடமும் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. காகிதம், அச்சுக்கூலி, தபால், பஸ். தன் கூலி என்று ஒரு வரி அதில் கிடையாது. இருந்திருந்தால் முதல் இதழே வந்திராது.

கிழவரிடம் டிரெடிலைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் மூலையிலிருந்து ஈயக்கட்டி ஒன்றைத் தூக்கிவந்து என் கையில் வைத்தார். லைனோடைப் உலோகம். 1970களில் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக ஆப்செட்டுக்கு மாறினபோது அச்செழுத்து உலோகம் பழைய இரும்புக்கடைக்கு வந்தது. தோட்டா செய்கிறவர்கள் போட்டிபோட்டு வாங்கினார்கள். நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். தனி ஈயத்தைவிடக் கெட்டியான குண்டு வரும். கைத்துப்பாக்கிக்கு அதைத்தான் வார்ப்பாராம். மானுக்கு மட்டும் செப்பு உறை போட்ட குண்டைக் கடையில் வாங்குவார். எந்த ஊர்ப் பத்திரிகையின் தலையங்கங்களோ, இரங்கல் குறிப்புகளோ, வாடகைக்கு வீடு விளம்பரங்களோ, அந்த மலைச்சரிவுகளில் மண்ணுக்குள் கிடக்கின்றன. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தலையங்கம் குறி தவறினதில்லை என்றார்.

அவர் எடைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தராசு சின்னது, கோலில் வெட்டுக்குறிகள். எடை கிரெய்ன் கணக்கு. நம் தட்டான் தராசின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும். இவர் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்குவரை பார்ப்பார். முள் நிற்கிறவரை மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். என் அப்பாவின் முகம்.

அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தார். 1903ல் வெள்ளைக்காரன் நீலகிரியில் நிறுவினது. கார்டைட் பாக்டரி என்றுதான் எங்களுக்குப் பெயர். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு அசிடோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி பிழிந்து நூலாக்குவது கார்டைட். இந்த வர்ணனை அப்பாவுடையதல்ல, பின்னால் புத்தகத்தில் படித்தது. உள்ளே என்ன வேலை என்று அவர் வீட்டில் பேசமாட்டார். ஒருமுறை மட்டும் அம்மாவிடம், 'எடைபோடுகிற வேலை, வேறொன்றுமில்லை' என்றார். காலையில் கிளம்புமுன் சட்டைப்பையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். தீப்பெட்டி இருந்துவிடக் கூடாது. பீடி குடிக்கிறவரல்ல. இருந்தும் தட்டிப் பார்ப்பார். ஓய்வுபெற்று, குன்னூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலத்திலும் வெளியே கிளம்பினால் கை பைக்குப் போகும். தான் எடைபோட்ட மருந்து எங்கே போயிற்று, எதைத் தள்ளிற்று என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. மாதச் சம்பளம் வந்தது. நான் படித்தேன்.

தமிழில் இரண்டுக்கும் மருந்து என்றே சொல்கிறோம். சிறுவயதில் அப்பா மருந்து ஃபாக்டரியில் இருக்கிறார் என்றால் சமவெளி உறவினர்கள் இருமல் டானிக் கேட்பார்கள்.

வெற்றுக் கூடுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. 1919ல் ஜாலியன்வாலா பாக்கில் சுடப்பட்ட தோட்டாக்கள் 1650. இது துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் சிப்பாய்கள் காலடியில் விழுந்த கூடுகளைப் பொறுக்கி எண்ணினார்கள். செத்தவர் தொகை அரசாங்கக் கணக்கில் 379. காங்கிரஸ் கணக்கில் ஆயிரத்தை ஒட்டி. நூறு வருஷமாகியும் அது ஒத்துவரவில்லை. பித்தளையை எண்ணின கைகளுக்கு மனிதரை எண்ண நேரம் இருக்கவில்லை. கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கிறபோதெல்லாம் என் தொழில் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கிழவருடைய நோட்டுக்கு வருகிறேன். 1974ல் பிரஸ் வாங்கின நாளிலிருந்து எழுதிவந்திருந்தார். எத்தனை தோட்டா, எந்தக் குண்டு, மருந்து எவ்வளவு, பிரைமர் ஆயிரம் என்ன விலை, எங்கே வாங்கினது. நாற்பத்தைந்து வருஷம். கையெழுத்து மட்டும் கடைசிப் பக்கங்களில் கோட்டைவிட்டு இறங்கியிருந்தது.

பொதுவாகச் சொல்வதானால் விடை தோட்டாவைப் பொறுத்தது. ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொழிற்சாலைகள் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளுகின்றன. அதை வீட்டில் செய்தால் மிச்சமாவது சில சென்ட், சில சமயம் அதுவும் இல்லை. பெரிய ரைஃபிள் தோட்டாவுக்குப் பாதி விலை மிச்சமாகும். அபூர்வமான பழைய துப்பாக்கிக்கு வேறு வழியே கிடையாது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதாலேயே கூடுதலாகச் சுடுவார்கள், வருஷக் கடைசியில் செலவு குறைவதில்லை என்பது அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிற விஷயம். கிழவர் மானுக்காகச் சுட்டது வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ. செய்தது இருநூறு. மற்றவை காகித இலக்குக்குப் போயின.

1986ம் அதைத் தொடர்ந்த நான்கு வருஷங்களும் நோட்டில் தனியாகத் தெரிகின்றன. ஆலை மூடியாகிவிட்டது. காகித இலக்கு கிடையாது. செய்தது எல்லாம் மானுக்கு. மான் எல்லாம் குளிர்காலத்துக்கு இறைச்சி. அந்த வருஷங்களில் அவருடைய ஒரு மணி நேரத்துக்கு எந்த முதலாளியும் ஒரு சென்ட் தரத் தயாராக இல்லை. ஆகவே நிலவறையில் செலவான மணிக்கு விலை பூஜ்யம். கட்டுப்படியாயிற்று. ஒருவன் வேலைக்கு மற்றவன் கூலி வைக்காதபோதுதான் அவன் தனக்காகச் செய்கிற வேலை கட்டுகிறது என்பது விசித்திரமான சூத்திரம். ஆனால் புத்தகத்தில் உள்ளதுதான், நான் கண்டுபிடித்ததல்ல.

இனி அந்த மாலையில் நடந்தது. ஐம்பது தோட்டா முடித்து, அளவைக் குப்பியில் மிஞ்சின மருந்தைப் போத்தலில் திருப்பிக் கொட்டினார். மேஜைமேல் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒரு சமயத்தில் ஒரே போத்தல் என்பது இந்த வேலையின் முதல் விதி. அவரே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஆணியடித்திருந்தார். ரைஃபிள் மருந்து நறுக்கின நூல் மாதிரி இருக்கும். கைத்துப்பாக்கி மருந்து செதில் செதிலாக, வேகமாக எரிவது. அவர் நூலைச் செதிலில் கொட்டினார். கலந்துவிட்டால் எந்த அளவும் செல்லாது, என்ன வேகத்தில் எரியும் என்று யாரும் சொல்ல முடியாது. துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே பிளக்கலாம். எனக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் நூல் போன்ற மருந்து என்பது என் வீட்டுச் சமாசாரம். கண்ணில் பட்டுவிட்டது.

அந்தப் போத்தல் சரியா என்று கேட்டேன்.

அவர் லேபிலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பல்ப் மங்கல், மாற்ற வேண்டும் என்றார். ஆமாம், மங்கல்தான் என்றேன். மங்கலாக இல்லை. போத்தலை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்ப் பின்பக்கத்துப் புல்லில் பரவலாகத் தூவினார். நைட்ரஜன் உண்டு, புல்லுக்கு நல்லது. ஈரமாக இருந்தது தோட்டம். தூவும்போது அந்தக் கை நடுங்கினதை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. கிழவரிடமும் பேசவில்லை. உங்களுக்குக் கண் தெரியவில்லை, கை நிற்கவில்லை, நிறுத்திவிடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஐம்பது தோட்டாவுக்கு எழுதினேன். குண்டு ஒன்றுக்கு 30 சென்ட். மருந்து பவுண்டு 29 டாலர், 7000 கிரெய்ன், 140 தோட்டா வரும், ஒன்றுக்கு 21 சென்ட். பிரைமர் 4 சென்ட். கூடு பழையது. ஆக 55 சென்ட். ஐம்பதுக்கு 27 டாலர் 50 சென்ட். கடையில் இருபது கொண்ட பெட்டி 24 டாலர். ஐம்பதுக்கு 60 டாலர். மிச்சம் 32 டாலர் 50 சென்ட். பிரஸ் விலை எப்போதோ ஈடாகிவிட்டது. அவருடைய நோட்டு சொல்வதும் இதுவே. லாபம்.

பிறகு ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, நாற்பத்தைந்து வருஷ நோட்டில் இல்லாத பத்தி ஒன்றைச் சேர்த்தேன். கூலி. பென்சில்வேனியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். நான் பார்த்தது நான்கு மணி நேரம். நான்கு மணிக்கு 29 டாலர். அப்போதும் மூன்றரை டாலர் லாபம் நின்றது. கூடுகளைக் கழுவி உலர்த்தினது, முந்தின நாள் கழுத்தை நறுக்கிச் சமன் செய்தது எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு நான்கை ஐந்தாக்கினேன். அவை எவ்வளவு நேரம் எடுத்தன என்று கேட்கவில்லை. 36 டாலர் 25 சென்ட். நஷ்டம் 3 டாலர் 75 சென்ட். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரரை மணிக் கூலிக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

அந்தக் கணக்கின் ஆயுள் ஆறு மாதம். 2020ல் தொற்று வந்தது, பயம் வந்தது, துப்பாக்கிக் கடைகளில் தட்டுகள் காலியாயின. தோட்டா விலை ஏறிற்று. பிரைமர் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இதற்கு முன்பும் 2013ல் இப்படி ஆகியிருக்கிறது. அதற்கு முந்தின டிசம்பரில் கனெக்டிகட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் கடுமையாகும் என்று எல்லோரும் தோட்டாவை வாங்கிப் பதுக்கினார்கள். கிழவர் நோட்டில் அந்த வருஷத்துக்கு எதிரே, பிரைமர் விலைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சொல் இருந்தது: 'வெட்கம்'. யாருடையது என்று எழுதவில்லை.

2022ல் தூக்கத்தில் போய்விட்டார் என்று மகள் எழுதினாள். நான் அதற்குள் குன்னூர் திரும்பியிருந்தேன். பிரஸ்ஸை 2019 நவம்பரிலேயே ஒரு இளைஞனுக்குக் கொடுத்தாகிவிட்டது. பணம் வாங்கினாரா தெரியாது. நோட்டைக் கொடுக்கவில்லை.

கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தார். பிரைமர் விலை சரி என்றார். மருந்து சரி. கூலிப் பத்திக்கு வந்ததும் விரல் நின்றது. தராசு முள்ளுக்கு மூச்சை அடக்குவாரே, அதே மாதிரி. இந்த ஐந்து மணி யார் சொன்னது என்று கேட்பார், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, 5 என்பதை அடித்து, நாலரை என்று எழுதினார்.

மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நஷ்டம்தான், பன்னிரண்டரை சென்ட். அவரும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், உதடு அசைந்தது. சரி என்று சொல்லித் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார்.